மேலே கண்ணாடி வைத்த வண்டி

அந்த வீட்டில் எல்லாரும் நெட்டை. மாமனார் எந்தக் கதவிலும் தலை குனிந்துதான் நுழைவார். மாமியார் பரண்மேல் இருக்கும் பெட்டியை முக்காலி இல்லாமல் இறக்குவார். அவர்கள் பெற்ற மகனைப் பற்றிச் சொல்லவே வேண்டாம், பஸ்ஸில் மேல் கம்பி அவன் காதோரம் வரும். அந்த வீட்டுக்கு வாழ்க்கைப்பட்டு வந்த மருமகளுக்குக் குளியலறைக் கண்ணாடியில் முதல் நாள் நெற்றி மட்டும்தான் தெரிந்தது. வந்த வாரமே ஆணியைப் பிடுங்கிக் கீழே இறக்கி அடித்தாள். யாரிடமும் கேட்கவில்லை. அன்றிலிருந்து அப்பாவும் மகனும் முழங்காலை மடக்கி நின்று முகம் மழிக்கிறார்கள். மாமனாருக்கு அதில் கோபம் இல்லை. வந்தவர் போனவரிடமெல்லாம், "எங்க வீட்டு எஞ்சினியர் செஞ்ச வேலை" என்று சொல்லிச் சிரித்தார்.

அவள் எஞ்சினியர் இல்லை. வீடு வீடாகப் போய் ரத்தம் எடுப்பவள். காலையில் ஸ்கூட்டரில் ஐஸ் பெட்டியைக் கட்டிக்கொண்டு கிளம்பினால், வெயில் ஏறுவதற்குள் குழாய்களை லேபில் சேர்க்க வேண்டும். இப்போது லேபில் புதிதாக ஒரு சுற்று வந்திருந்தது. ஊருக்கு வெளியே, நெடுஞ்சாலையைத் தாண்டி இருக்கும் குடியிருப்புகள். படுக்கையில் கிடப்பவர்கள் அதிகம். சம்பளமும் பதவியும் கூடுதல். அதற்கு லேப் போட்ட நிபந்தனை ஒன்றுதான்: சொந்தக் காரில் வர வேண்டும், தானே ஓட்டி வர வேண்டும். டிரைவர், புருஷன், மாமன், மச்சான் யாரும் ரத்தப் பெட்டியோடு வண்டியில் ஏறக் கூடாது. திங்கட்கிழமை வண்டியோடு வந்தால் அந்தச் சுற்று அவளுக்கு. இல்லாவிட்டால் அடுத்த மேசைக்காரிக்கு.

அதற்காகத்தான் இந்தக் கார். ஊரில் உள்ள ஷோரூம் எல்லாம் ஏறி இறங்கி, கடைசியில் இந்த வண்டியைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் எஞ்சினும் இல்லை, மைலேஜும் இல்லை. ஓட்டுநர் சீட்டின் பக்கவாட்டில் ஒரு கைப்பிடி. அதை அடிபம்பு அடிப்பதுபோல மேலும் கீழும் அடித்தால் சீட் கொஞ்சம் கொஞ்சமாக உயரும். ஓட்டிப் பார்க்கக் கொடுத்த வண்டியில் அதை அடித்து ஏறி உட்கார்ந்தபோது, பானட்டின் முனைவரை தெரிந்தது. அங்கேயே முடிவு செய்துவிட்டாள்.

சனிக்கிழமை காலை குடும்பமே உடுத்திக்கொண்டு ஷோரூமுக்கு வந்தது. மாமியார் பட்டுப் புடவையில் இருந்தார். கணவன் கையில் கேக் பெட்டி. மாமனார் சட்டைப் பையில் கண்ணாடிக் கூடு, பேனா, சீப்பு எல்லாவற்றையும் வைத்துக்கொண்டு, தனக்குத்தான் வண்டி என்பதுபோல மினுமினுத்தார். காலையிலிருந்தே அவர் வாயில் ஒரு சிரிப்பு ஒட்டிக்கொண்டிருந்ததை மருமகள் கவனித்தாள். காரணம் கேட்டால் சொல்லவில்லை.

கண்ணாடிச் சுவருக்கு உள்ளே, பளிங்குத் தரையில், வண்டி சிவப்புச் சாட்டின் துணி போர்த்தி நின்றது. உச்சியில் ஒரு பெரிய ரிப்பன் பூ. டை கட்டிய விற்பனையாளர் ஓடி வந்தார்.

"வாங்க மேடம், வாங்க சார். இப்ப நீங்க எல்லாரும் சேர்ந்து துணியை இழுக்கறீங்க. நாங்க கை தட்டுவோம். அப்புறம் போட்டோ. அப்புறம் கேக். அப்புறம் சின்னதா ஒரு கையெழுத்து. சாவி கையில!"

"முதல்ல வண்டியைப் பார்த்துடறேன்" என்றாள்.

"துணியை எடுத்ததும் பாருங்க மேடம், ஆசை தீரப் பாருங்க."

"துணியை எடுத்ததும் நீங்க கை தட்டுவீங்க. கை தட்டின பிறகு யாருக்குங்க குறை சொல்ல வாய் வரும்?"

விற்பனையாளர் பல்லைக் காட்டினார். இப்படி ஒரு வாடிக்கையாளரைப் பற்றி அவருடைய பயிற்சி வகுப்பில் சொல்லிக் கொடுத்திருக்கவில்லை.

அவள் வேலை அப்படிப்பட்டது. நோயாளியின் கட்டில் அருகிலேயே குழாயில் பெயர் ஒட்ட வேண்டும். அப்புறம் ஒட்டிக்கொள்ளலாம் என்று படி இறங்கிவிட்டால், பெட்டிக்குள் எல்லா ரத்தமும் ஒரே சிவப்பு. எதுவாக இருந்தாலும் அங்கேயே, அப்போதே பார்ப்பது அவளுக்குக் கையோடு வந்த பழக்கம்.

"சாவியைக் கொடுங்க" என்று வாங்கினாள். செல்போன் விளக்கைப் போட்டாள். துணியின் ஓரத்தைத் தூக்கிக்கொண்டு உள்ளே நுழைந்துவிட்டாள்.

ஷோரூமே திரும்பிப் பார்த்தது. துணிக்குள் ஒரு வெளிச்சம் அலைந்தது. பின் டயரிடம் குனிந்தது, முன் டயருக்குப் போனது, கண்ணாடி ஓரத்தில் பொறித்த சேஸிஸ் எண்ணருகே கொஞ்ச நேரம் நின்றது. தரைக்கு மேல் அவள் செருப்பு மட்டும் தெரிந்தது.

"எங்க போனா?" என்றார் மாமியார்.

"அதோ, செருப்பு" என்றான் கணவன்.

"பட்டுப் புடவையில வந்தா இப்படி எல்லாம் நுழைய முடியாதுன்னுதான் சுடிதார் போட்டுக்கிட்டு வந்திருக்கா, பாரேன். திட்டம் போட்டுத்தான் வந்திருக்கா."

கதவு திறக்கும் சத்தம் கேட்டது. சாட்டின் துணி ஒரு பக்கம் சினைமாட்டின் வயிறுபோலப் புடைத்து, பிறகு அடங்கியது. அவள் உள்ளே ஏறி உட்கார்ந்துவிட்டாள்.

உள்ளே புது வண்டியின் பிளாஸ்டிக் வாசனை. எண் சரி. டயர் சரி. கதவு ஓரங்களில் கீறல் இல்லை. ஓடிய தூரமும் நியாயமாகத்தான் இருந்தது. கையைச் சீட்டின் பக்கவாட்டுக்குக் கொண்டுபோனாள். வழவழவென்று பிளாஸ்டிக். இன்னும் முன்னால் தடவினாள். பின்னால் தடவினாள். விளக்கைக் காட்டிப் பார்த்தாள். கைப்பிடி இல்லை.

நிமிர்ந்து உட்கார்ந்தாள். ஸ்டியரிங்கின் மேல் வளைவு கண்ணுக்கு நேராக நின்றது. அப்போதுதான் தன் கை சிவப்பாக இருப்பதைக் கவனித்தாள். செல்போன் வெளிச்சம் இல்லை அது. மேலேயிருந்து வந்தது. அண்ணாந்து பார்த்தாள். கூரையில் பாதி கண்ணாடி. அதன் மேல் சிவப்புத் துணி. துணிக்கு மேல் ஷோரூம் விளக்கு. வண்டிக்குள் முழுக்கச் செம்மை வழிந்தது.

அவள் கேட்டது கைப்பிடி. வந்திருப்பது ஜன்னல் வைத்த கூரை.

காலையிலிருந்து ஒட்டிக்கொண்டிருந்த அந்தச் சிரிப்பு ஞாபகத்துக்கு வந்தது.

"மாமா," என்று குரல் கொடுத்தாள், "நீங்க மட்டும் கொஞ்சம் உள்ள வாங்க."

மாமனார் அதற்காகவே காத்திருந்ததுபோல வந்தார். அந்த உடம்பைத் துணிக்கடியில் மடக்கி, கதவைத் திறந்து, பக்கத்துச் சீட்டில் நுழைக்கப் பட்ட பாடு வெளியில் இருந்தவர்களுக்கு நன்றாகவே தெரிந்தது. ரிப்பன் பூ சரிந்து தரையில் விழுந்தது.

"கண்டுபிடிச்சிட்டியா? துணியை எடுத்ததும் காட்டலாம்னு இருந்தேன்" என்றார். முகம் முழுக்கச் சிரிப்பு. "எப்படி இருக்கு?"

"நீங்கதான் மாத்தச் சொன்னீங்களா மாமா?"

"பின்னே யாரு? இது வேற ரகம்மா. விலை அதேதான். மேல திறக்கும். பட்டனைத் தட்டினா போதும்." அவர் அண்ணாந்து பார்த்தார். துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வுபெற்றவர் அவர். காலுக்குக் கீழே கண்ணாடி, தலைக்கு மேலே கண்ணாடி, நாலு பக்கமும் கண்ணாடி. வேலைக்காலம் முழுவதும் அப்படி ஒரு கூண்டில் உட்கார்ந்து கப்பலையும் வானத்தையும் பார்த்தே கழித்தவர். "மேல பார்க்க முடியாத இடத்துல எனக்கு மூச்சு முட்டும். நீ தினமும் அவ்வளவு தூரம் போகணும், வரணும். பெட்டிக்குள்ள போட்டு மூடின மாதிரி எதுக்கு உட்காரணும்? அதான்."

இந்த மனிதர் தனக்குத் தெரிந்த மிக நல்ல பொருளைத் தேடிப் பிடித்து வாங்கி வைத்திருக்கிறார். அது அவளுக்குப் புரிந்தது. அதற்காக அளந்து பேசத்தான் வேண்டியிருந்தது. விஷயத்தை மாற்ற வேண்டியதில்லை.

"மேல பார்த்தா வானம் தெரியுது மாமா. நேரா பார்த்தா ஸ்டியரிங்தான் தெரியுது."

"என்னது?"

"சீட்டை உயர்த்தற பிடி இதுல இல்லை. அதுக்காகத்தான் நான் இந்த வண்டியையே எடுத்தேன்."

மாமனார் சீட்டின் பக்கம் எட்டிப் பார்த்தார். அவருக்கு அது ஒரு பெரிய விஷயமாகப் படவில்லை. பிறந்ததிலிருந்து எந்தச் சீட்டையும் அவர் உயர்த்த நினைத்ததில்லை, இறக்கத்தான் நினைத்திருக்கிறார்.

"இவ்வளவுதானே? ஒரு தலைகாணியைப் போட்டுக்கோ."

"பிரேக் போட்டா தலைகாணி வழுக்கும். நானும் சேர்ந்து வழுக்குவேன். பெல்ட் கழுத்துல வந்து நிக்கும்."

"அப்ப நான் ஓட்டறேன். சும்மாதானே இருக்கேன்?"

"லேப்ல விட மாட்டாங்க மாமா. உங்களுக்கே தெரியும்."

"தெரியும். இருந்தாலும் கேட்டுப் பார்க்கலாம்ல?"

"கேட்க மாட்டேன். இந்த வண்டியையும் எடுக்க மாட்டேன்."

மாமனார் முகத்திலிருந்து சிரிப்பு ஒரே மூச்சில் இறங்கவில்லை. கொஞ்ச நேரம் வழி தெரியாமல் அங்கேயே நின்றது. பிறகு அவர் கதவைத் திறந்து, துணியைத் தலையால் முட்டிக்கொண்டு வெளியே போனார். நேராகக் கண்ணாடிச் சுவரருகே போய், எல்லாருக்கும் முதுகைக் காட்டி நின்றுகொண்டார்.

மருமகள் வெளியே வந்து தலைமுடியைச் சரிசெய்துகொண்டாள்.

"இது நான் புக் பண்ண வண்டி இல்லைங்க" என்றாள் விற்பனையாளரிடம்.

"அதைவிட ஒசத்தி மேடம்! சார் நேர்ல வந்து மாத்தினார்."

"புக் பண்ணது யாரு?"

"நீங்கதான். ஆனா சார் உங்க மாமனார்னு..."

"நான் ரத்தம் எடுக்கறவ. பொண்டாட்டி பேர்ல டாக்டர் சீட்டு இருக்கு. அவளுக்கு ஊசின்னா பயம், நான் தர்றேன்னு புருஷன் கையை நீட்டறார். அவர் ரத்தத்தை எடுத்து அவ பேரை ஒட்டிடவா?"

கணவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அப்பாவின் முதுகைப் பார்த்து அடக்கிக்கொண்டான். அவளைத் தனியே கூப்பிட்டு, "அப்பா ஆசையா செஞ்சுட்டார். அவர் நிக்கறதைப் பாரு" என்றான்.

"பார்த்தேங்க. ஆசையை நான் திருப்பிக் கொடுக்கலை. வண்டியைத்தான் திருப்பறேன்."

"இந்த நியாயத்தை அவர்கிட்ட யார் போய்ச் சொல்றது?"

"நீங்க கேக்கைக் கீழ போடாம பிடிச்சுக்கோங்க, அது போதும்."

இதற்குள் மேலாளர் வந்துவிட்டார். வழுக்கைத் தலை, மெல்லிய குரல், எதற்கும் பதறாத முகம். தரை விரிப்பு இலவசம் என்றார். சீட்டுக்கு உறை, வாசனைப் புட்டி, குழந்தைக்கு ஒரு பொம்மைக் கார். குழந்தை இல்லை என்றதும், வரும்போது ஆகும் என்றார். மாமியார் தலையை ஆட்டினார். மருமகள் ஆட்டவில்லை.

"சரி மேடம், இப்படிச் செய்வோம். இன்னைக்குக் கையெழுத்துப் போட்டு எடுத்துட்டுப் போங்க. நல்ல நாள், குடும்பத்தோட வந்திருக்கீங்க. அந்தப் பிடியை அப்புறமா வெளியில வாங்கி மாட்டிக்கலாம்."

"வெளியில மாட்ட முடியும்னு எழுதிக் கொடுங்க."

"எழுதறதுன்னா... அது கம்பெனி ஒத்துக்காது."

"அப்ப முடியாதுன்னு அர்த்தம்."

மேலாளர் முதல் தடவையாக நெற்றியைத் துடைத்தார்.

அப்போதுதான் கண்ணாடிச் சுவரருகே நின்றிருந்த முதுகு திரும்பியது. மாமனார் விறுவிறுவென்று வந்தார். யாரையும் பார்க்கவில்லை. சாட்டின் துணியின் ஒரு முனையைப் பிடித்து ஒரே இழுவையில் உருவித் தரையில் போட்டார். பழக்க தோஷத்தில் ஓரத்தில் நின்ற இரண்டு ஊழியர்கள் கை தட்டிவிட்டு, யாரும் சேராததால் நிறுத்திக்கொண்டார்கள்.

சாம்பல் நீல வண்டி. அழகாகத்தான் இருந்தது.

மாமனார் ஓட்டுநர் சீட்டில் ஏறி உட்கார்ந்தார். மருமகளை ஒரு தடவை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு சீட்டிலேயே கீழே சரிந்தார். இன்னும் சரிந்தார். முழங்கால் இரண்டும் ஸ்டியரிங்குக்கு இரு பக்கமும் வெட்டுக்கிளியின் கால்போல நீட்டிக்கொண்டன.

"இவ்வளவா?" என்றார் மருமகளிடம்.

அவள் குனிந்து, அவர் கண் ஸ்டியரிங்கின் மேல் வளைவுக்கு நேராக இறங்கிவிட்டதா என்று பார்த்தாள். "இன்னும் கொஞ்சம்."

இன்னும் சரிந்தார். "ஏய், நீ போய் வண்டி முன்னால நில்லு" என்றார் மனைவியிடம்.

மாமியார் பட்டுப் புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு போய் பானட்டுக்கு முன்னால் நின்றார். "நின்னுட்டேன். என்ன தெரியுது?"

"தலை தெரியுது. கழுத்து தெரியுது." கொஞ்சம் நிறுத்தி, "இடுப்புக்குக் கீழ உனக்கு ஒண்ணுமே இல்லையே!"

"இந்த வயசுல ஊர் முன்னால பேசற பேச்சா இது?"

யாரோ சிரித்தார்கள். மாமனார் சிரிக்கவில்லை. "குனி" என்றார். மாமியார் குனிந்தார். "இப்ப எங்க இருக்கே?"

"உங்க மூக்குக்கு முன்னாலதான் இருக்கேன்!"

"காணோம்."

மாமியார் நிமிர்ந்தார். மாமனார் சற்று நேரம் அப்படியே கிடந்தார். நெட்டையாகப் பிறந்த ஒருவர் முதல் தடவையாகக் குட்டையான ஓர் இடத்திலிருந்து உலகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பிறகு அவர் வெளியே வந்தார். கிரேன் உச்சியிலிருந்து கப்பல் தளத்தில் நிற்பவனுக்குக் கேட்கும்படி பேசிப் பழகிய குரல் அது. ஷோரூம் கண்ணாடி அதிர்ந்தது.

"கண்ணு போகாத இடத்துல நான் கொக்கியை இறக்கினதே இல்லை. இதைக் கொண்டுபோய் தெருவுல ஓட்டச் சொல்றீங்களா என் மருமகளை?"

"சார், நீங்கதானே மாத்த..." என்று தொடங்கினார் விற்பனையாளர்.

"ஆமா, நான்தான் மாத்தினேன். புத்தி இல்லாம மாத்தினேன். நான் கேட்டா நீ கொடுத்துடுவியா? ஓட்டப்போறவங்களுக்கு ஒரு போன் போட்டுக் கேட்டியா?"

விற்பனையாளர் டையைத் தளர்த்திக்கொண்டார். மருமகள் மாமனாரின் கையைத் தொட்டு, போதும் என்பதுபோல ஓர் அழுத்து அழுத்தினாள். திட்டினால் வண்டி வராது.

"நான் கேட்ட ரகம் எப்ப கிடைக்கும்?" என்றாள் மேலாளரிடம்.

"இந்த நிறத்துல வரணும்னா அடுத்த மாசம்."

"எந்த நிறத்துலயாவது?"

மேலாளர் கம்ப்யூட்டரைத் தட்டினார். தயங்கினார். "கிடங்குல ஒண்ணு நிக்குது. ஆனா அது... மஞ்சள். ஒருத்தர் புக் பண்ணிட்டு, நேர்ல பார்த்ததும் வேண்டாம்னு போயிட்டார்."

"பளிச்சுன்னு மஞ்சளா?" என்றார் மாமியார் கவலையோடு.

"பளிச்சுன்னுதான் மேடம்."

மருமகள் சாம்பல் நீலத்தை ஒரு தடவை திரும்பிப் பார்த்தாள். அந்த நிறத்தைத் தேர்ந்தெடுக்க ஒரு வாரம் ஆகியிருந்தது. மழை வரப்போகும் வானம் மாதிரி இருக்கிறது என்று கணவனிடம் சொல்லியிருந்தாள். சரி, போகட்டும்.

"உள்ள உட்கார்ந்திருக்கறவளுக்கு வெளி நிறம் எங்க தெரியப் போகுது? வாங்க, போய்ப் பார்க்கலாம்."

"பார்க்கறதுக்கு என்ன மேடம், இங்க இருந்தே கையெழுத்து..."

மேலாளர் அவள் பார்வையைப் பார்த்துவிட்டு வாக்கியத்தை விழுங்கினார்.

கிடங்கு ஊர் ஓரத்தில் இருந்தது. மாமியாரையும் கேக்கையும் கணவனோடு வீட்டுக்கு அனுப்பிவிட்டு, மருமகளும் மாமனாரும் விற்பனையாளரோடு போனார்கள். கம்பி வேலிக்குள் வண்டிகள் வரிசையாகப் புழுதி மூடி நின்றன. துணி இல்லை, ரிப்பன் இல்லை, பளிங்குத் தரை இல்லை. தகரக் கூரை நிழலில் உட்கார்ந்திருந்த காவலாளி, சாவிக் கொத்தோடு எழுந்து வந்தார். மஞ்சள் வண்டியை யாரும் காட்ட வேண்டியிருக்கவில்லை. வேலிக்கு வெளியிலிருந்தே அது தெரிந்தது.

"ராத்திரியில தொலைஞ்சாக்கூடக் கண்டுபிடிச்சிடலாம்" என்றார் மாமனார்.

"விளக்கே போட வேண்டாம் சார்" என்றார் விற்பனையாளர், இழந்ததைக் கொஞ்சமாவது மீட்கலாம் என்ற நப்பாசையில்.

அவள் மறுபடி முதலிலிருந்து தொடங்கினாள். எண். டயர். கதவு ஓரங்கள். புழுதியை விரலால் துடைத்துத் துடைத்துக் கீறல் பார்த்தாள். மாமனார் செல்போன் விளக்கைப் பிடித்தபடி கூடவே நகர்ந்தார். அவள் குனிந்த இடத்தில் எல்லாம் அவரும் குனிந்தார். பின்பக்கத்தைத் திறந்தாள். மாற்றுச் சக்கரம் இருந்தது. வண்டியைத் தூக்கும் ஜாக்கி இல்லை.

"ஜாக்கி எங்க?"

"அது தனியா வரும் மேடம், திங்கள்கிழமை நானே வீட்டுக்கு..."

"இன்னைக்கு."

காவலாளி சிரிப்பை மறைத்துக்கொண்டு, தகரக் கொட்டகைக்குள் போய் ஒரு ஜாக்கியைக் கொண்டுவந்து வைத்தார். அவள் அதைத் திருகிப் பார்த்து உறையில் போட்டாள்.

கடைசியில்தான் உள்ளே உட்கார்ந்தாள். கையைப் பக்கவாட்டுக்குக் கொண்டுபோனாள். இருந்தது. உள்ளங்கைக்குள் அடங்கும் ஒரு பிடி. அடித்தாள். சீட் முனகிக்கொண்டு ஏறியது. இன்னும் அடித்தாள். ஸ்டியரிங் கீழே இறங்கியது, கண்ணாடி விரிந்தது, மஞ்சள் பானட் முனைவரை நீண்டு கிடந்தது. அதற்கு முன்னால் காவலாளியின் தேய்ந்த செருப்புகூடத் தெரிந்தது.

"கொடுங்க" என்று கையை வெளியே நீட்டினாள். விற்பனையாளர் காகிதத்தையும் பேனாவையும் நீட்டினார். படித்துவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டாள். அதற்குள் அவருக்கு இரண்டு போன் வந்து நின்றுவிட்டன.

காவலாளி மாமனாரை அண்ணாந்து பார்த்தார். "யாரு சார் ஓட்டறது? வேலிக் கதவு குறுகல், பார்த்து எடுக்கணும்."

"வண்டிக்காரங்க ஓட்டுவாங்க" என்றார் மாமனார். சொல்லிவிட்டு மறுபக்கம் சுற்றிப் போய்க் கதவைத் திறந்தார். ஒரு காலை உள்ளே வைத்தார். முழங்கால் முன்பலகையில் இடித்தது. மறு காலை வைக்க இடமில்லை. பாதி உள்ளே, பாதி வெளியேயாக, தலை கூரையைத் தொட, நின்றார்.

"யாரோ குள்ளன் உட்கார்ந்த சீட்டு போலிருக்கு."

"சீட்டுக்கு அடியில ஒரு கம்பி இருக்கும் மாமா. அதைத் தூக்கிக்கிட்டுப் பின்னால தள்ளுங்க."

அவர் குனிந்து துழாவினார். கிடைக்கவில்லை. அவள் எஞ்சினைக் கிளப்பவில்லை. கையை ஸ்டியரிங்கின் மேல் வைத்துக்கொண்டு காத்திருந்தாள்.

"இன்னும் கொஞ்சம் முன்னால மாமா. அவசரமில்லை. நல்லா உட்கார்ந்துக்கோங்க, அப்புறம் எடுக்கிறேன்."